மாதுங்கா ஸ்டூடியோவின் பேரேடுகளும் நம்மூர் நெகட்டிவ்களும்

அன்பார்ந்த ஊர்ப் பெரியவர்களுக்கும், அண்ணாச்சிமார்களுக்கும், மதினிமார்களுக்கும், தம்பி தங்கையருக்கும் மும்பையிலிருந்து போட்டோக்காரர் வீட்டுப் பேத்தியின் வணக்கம்.

மாதுங்கா லேபர் கேம்பில் எங்கள் ஸ்டூடியோ இருக்கும் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டப் போகிறார்கள். அதனால் அடுத்த மழைக்காலத்துக்கு முன்பாகக் கடையைக் காலி செய்ய வேண்டியிருக்கிறது. செய்தி அறிந்து துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பலர் அக்கறையோடு விசாரித்தீர்கள். கடையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. சயனிலோ செம்பூரிலோ ஒரு சிறிய இடம் கிடைத்தால் தொழிலைத் தொடர்ந்துவிடலாம். பரணிலும் அலமாரிகளிலும் தாத்தா காலத்திலிருந்து அடுக்கி வைத்திருக்கும் நெகட்டிவ்களைப் பற்றித்தான் கவலைப்படுகிறேன். எங்கள் குடும்பம் சேர்த்த சொத்து அவைதாம். ஆனால் அவை எங்களுக்கு மட்டும் உரியவை அல்ல என்பது என் உறுதியான எண்ணம். அதனால்தான் இந்த மடலைச் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

தாத்தா பம்பாய்க்கு வந்தது விடுதலைக்கு முன்பு. கோட்டைப் பகுதியில் ஒரு பெரிய ஸ்டூடியோவின் இருட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, கண்ணாடித் தட்டு கழுவுவதில் தொடங்கித் தொழிலைக் கற்றார். அந்நாளில் பேர்பெற்ற ஸ்டூடியோக்களுக்கு இந்த நகரில் குறைவில்லை. ராஜா தீனதயாள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிலேயே பம்பாயில் ஸ்டூடியோ திறந்திருந்தார். சர் விக்டர் சசூன் 1928-இல் தொடங்கிய ஹாமில்டன் ஸ்டூடியோ, பல்லார்டு எஸ்டேட்டில் செல்வந்தர்களையும் பிரமுகர்களையும் படமெடுத்துக்கொண்டிருந்தது. தாராவியின் தோல் பதனிடும் கிடங்குகளில் வேலை பார்த்த நம் திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு அந்த வாசல்களை மிதிக்க வசதியும் இல்லை, துணிவும் இல்லை. ஆனால், நல்லபடியாக இருக்கிறேன் என்று ஊரிலிருக்கும் தாய்க்குக் காட்ட ஒரு படம் அனுப்ப வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு எல்லோரையும்போலவே இருந்தது. அந்த ஆசையை நம்பித்தான் தாத்தா லேபர் கேம்பில் ஓட்டுக் கூரையின் ஒரு பகுதியைக் கழற்றிவிட்டு, வடக்கு வெளிச்சம் விழும்படி கண்ணாடி பதித்து, தம் கடையைத் திறந்தார்.

அந்தக் காலத்து வேலையைப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரைத் தட்டு எனப்படும், ஆறரை அங்குலத்துக்கு நாலேமுக்கால் அங்குலக் கண்ணாடியின் மீது வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின் பூசியிருப்பார்கள். அதைக் கேமராவில் வைத்து, லென்ஸின் மூடியைக் கழற்றி மனத்துக்குள் எண்ணி மறுபடி மூடினால் படம் பதிந்துவிடும். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கும். மெட்டால், ஹைட்ரோகுயினோன், சல்ஃபைட் ஆகியவற்றைத் தராசில் நிறுத்து, பதிந்த படத்தை வெளிக்கொணரும் டெவலப்பர் கரைசலைத் தாத்தாவே கலக்குவார். அதற்கு 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை ஏற்றது. பம்பாய்க் குழாய்த் தண்ணீரோ கோடையில் அந்த அளவுக்கு இறங்குவதே இல்லை. சூடு மிகுந்தால் ஜெலட்டின் இளகி, கண்ணாடியின் ஓரங்களிலிருந்து சுருண்டு கிளம்பிவிடும். ஆகவே கரைசல் ஊற்றிய தட்டைச் சுற்றிப் பனிக்கட்டி வைப்பதும், படிகாரக் கரைசலில் முக்கி ஜெலட்டினை இறுக்குவதும் அன்றாடக் காரியங்களாக இருந்தன. படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ கரைசலிலிருந்து எடுத்த தட்டைப் போதிய நேரம் கழுவாவிட்டால் சில ஆண்டுகளில் படம் பழுப்பேறிவிடும் என்பதால், கார்ப்பரேஷன் தண்ணீர் குறிப்பிட்ட நேரம் மட்டுமே வரும் அந்த இடத்தில் தாத்தா குடிதண்ணீரைச் சுருக்கிக்கொண்டு தட்டுகளைக் கழுவினார் என்று அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் எடுத்த தட்டுகள் இன்றும் தெளிவாக இருப்பதற்கு அந்தத் தண்ணீரே காரணம்.

தாத்தாவுக்கு அடுத்து அப்பாவின் பெயரைச் சொல்வதே ஊர் வழக்கம். நடுவில் அத்தை இருந்தார் என்பதைப் பலர் அறியமாட்டார்கள். கடையில் முன்னால் வந்து நிற்கும் வழக்கம் அவருக்கு இல்லை. வீட்டின் சன்னலோரத்தில், படத்தின் குறைகளைத் திருத்தும் டச்சிங் வேலைக்கான மேசையைப் போட்டு, நெகட்டிவின் பின்னாலிருந்து வெளிச்சம் வரும்படி கண்ணாடியைச் சாய்த்து வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் அம்மைத் தழும்புகளையும் கண்ணுக்குக் கீழிருக்கும் கருவளையத்தையும் நிரப்புவார். நெகட்டிவில் இருட்டைக் கூட்டினால் பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும் என்பதால், எல்லாவற்றையும் தலைகீழாக நினைத்துச் செய்ய வேண்டிய வேலை அது. கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு எண்ணெய் வண்ணம் தீட்டியதும் அவரே. நம்மூரில் பல வீடுகளின் முன்கூடத்தில் தொங்கும் கலியாணப் படங்களில் மணப்பெண்ணின் சேலை அரக்காகவும் கரை பொன்னிறமாகவும் இருந்தால், அது அத்தையின் கைவேலையாக இருக்கலாம். முகத்தை மாற்றக் கூடாது, அந்த முகம் நன்றாக உறங்கி எழுந்த நாளில் எப்படி இருக்குமோ அப்படிக் காட்ட வேண்டும் என்று அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் இன்று கணினியில் டச்சிங் செய்யும்போதும் நான் கடைப்பிடிக்கிறேன்.

அப்பா பொறுப்பேற்றபோது கண்ணாடி போய் ஃபிலிம் வந்திருந்தது. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையின் ‘இந்து’ ஃபிலிம் நம் நாட்டுச் சரக்காகக் கிடைத்தது. எங்கள் குடும்பத்தை நிலைநிறுத்தியதும், நம்மூரின் வரலாற்றோடு கடையைப் பிணைத்ததும் பாஸ்போர்ட் படங்கள்தாம். 1973-இல் எண்ணெய் விலை ஏறி வளைகுடா நாடுகளில் கட்டடப் பணிகள் பெருகியபோது, அங்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டுகளின் முக்கிய இடமாகப் பம்பாய் ஆனது. நம் பகுதியிலிருந்து கொத்தனாராகவும் தச்சராகவும் ஓட்டுநராகவும் போக விரும்பியவர்கள் ரயிலேறி வந்து, விசாவுக்காக வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் இங்கே காத்திருந்தார்கள். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பிறகு அனுமதி முத்திரைக்கான தாள்களும் கூடின. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு படம் வேண்டியிருந்தது. பயணத்தில் கசங்கிய சட்டையோடு வருகிறவர்களுக்காகக் கடையில் ஒரு வெள்ளைச் சட்டையும் கோட்டும் எப்போதும் தொங்கும். பணம் இல்லாதவர்களுக்கு அப்பா கடனுக்கும் எடுத்துக் கொடுத்தார். அங்கே போய்ச் சேர்ந்தபின் தினார் அனுப்பிக் கடனைத் தீர்த்தவர்கள் நம் ஊர்க்காரர்களின் இந்த மடற்குழுவிலேயே இருக்கிறீர்கள்.

அந்த நெகட்டிவ்களை வெளிச்சப் பெட்டியின் மீது வரிசையாக வைத்துப் பார்த்தால், ஓர் ஊரின் இளைஞர்கள் ஒரு தலைமுறைக் காலத்தில் எப்படிப் புறப்பட்டுப் போனார்கள் என்பது தெரிகிறது. அண்ணன் போன வழியில் தம்பியும், மாமன் போன வழியில் மருமகனும் அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே கோட்டை மாட்டிக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. சிலருடைய வீட்டில் வேறு படமே இல்லை.

பிறகு வந்த மாற்றங்களை விரைவாகவே சொல்லிவிடலாம். வண்ண ஃபிலிம் வந்ததும் வேலை இருட்டறையிலிருந்து இயந்திர லேபுக்குப் போனது. இன்று அந்தப் பழைய வண்ணப் பிரிண்டுகள் சாயம் மங்கிச் சிவப்பேறிக் கிடக்கின்றன. அவற்றுக்கு மூத்த கறுப்பு வெள்ளைப் படங்களோ நிறம் குன்றாமல் இருக்கின்றன. நான் கடைக்கு வந்தபோது டிஜிட்டல் கேமரா வந்துவிட்டது. 2010-க்குப் பிறகு பாஸ்போர்ட் சேவா மையங்களிலேயே முகத்தைப் படமெடுத்துக்கொள்வதால் அந்த வருமானமும் குறைந்தது. கலியாணங்களும் சங்க விழாக்களும் இப்போது கடையை நடத்துகின்றன.

பழைய நெகட்டிவ்களுக்கு இரண்டு பகைகள் உண்டு. ஒன்று மும்பையின் ஈரக் காற்று. ஜெலட்டினில் பூஞ்சை படர்ந்தால் அது முகத்தையே தின்றுவிடும். அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன ஃபிலிமோ ஈரத்தாலும் வெப்பத்தாலும் சிதைந்து, காடி நாற்றத்தோடு சுருங்கத் தொடங்கும். மற்றொரு பகை எடைக்கு வாங்குகிறவர்கள். ஃபிலிமிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்கவும், கண்ணாடித் தட்டுகளைச் சுரண்டிக் கழுவிச் சட்டக் கண்ணாடியாக விற்கவும் கேட்டு வருவார்கள். நாடெங்கும் எத்தனையோ ஸ்டூடியோக்களின் தட்டுகள் இப்படித்தான் போயின. கல்கத்தாவின் போர்ன் அண்ட் ஷெப்பர்டு நிறுவனம் 1991 தீ விபத்தில் தன் சேகரிப்பின் பெரும்பகுதியை இழந்தது. 2016-இல் கடையே மூடப்பட்டது. மாறாக ஹாமில்டன் ஸ்டூடியோவை 1957-இல் வாங்கிய குடும்பம், அடுத்த தலைமுறையிலும் பழைய நெகட்டிவ்களைக் காத்து வைத்திருக்கிறது. நாமும் அப்படிக் காக்க முடியும்.

எங்கள் கடையில் ஒவ்வொரு நெகட்டிவின் ஓரத்திலும் ஓர் எண் கீறப்பட்டிருக்கும். அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பனார் பெயர், ஊர், படத்தின் அளவு, பிரதிகள், முன்பணம் ஆகியவை பேரேட்டில் இருக்கும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது எங்கள் தெருவிலும் தண்ணீர் ஏறியது. மேலே பரணிலிருந்த நெகட்டிவ்கள் தப்பின; கீழ்த்தட்டிலிருந்த பேரேடுகள் பல நாட்கள் ஈரத்தில் ஊறி, மை கலைந்துபோயின. இப்போது என்னிடம் எண்ணும் முகமும் இருக்கின்றன, பெயர் இல்லை. உங்கள் வீடுகளில் இருக்கும் பிரிண்டுகளின் முதுகில் கடையின் ரப்பர் முத்திரையும் அதே எண்ணும் இருக்கின்றன. அது யார் என்பதும் உங்களுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்தால் பேரேட்டைத் திரும்ப எழுதிவிடலாம்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியோடு தமிழகத்தின் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி டிஜிட்டல் வடிவில் பாதுகாத்திருக்கிறார்கள். அவர்களைப் போன்றவர்களிடம் ஆலோசனை கேட்கலாம் என்பது என் கருத்து. ஆனால் பெயரில்லாத முகங்களாக அவற்றை ஒப்படைக்க எனக்கு மனமில்லை. நெகட்டிவ்களை வெளிச்சப் பெட்டியில் வைத்துக் கேமராவாலேயே படமெடுக்கும் வேலையை நானும் சித்தப்பா மகனும் தொடங்கிவிட்டோம். அதற்கான செலவையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

அனுமதியைப் பற்றியும் தெளிவாகச் சொல்ல வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் கேட்டுப் பணம் கொடுத்து எடுத்துக்கொண்ட படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர். சட்டம் இல்லாவிட்டாலும் நியாயம் அதுதான். எனவே குடும்பத்தாரின் ஒப்புதல் இல்லாமல் எந்த முகத்தையும் இணையத்தில் ஏற்றமாட்டேன். குறிப்பாகப் பாஸ்போர்ட் படங்களை அந்தந்த வீட்டாருக்குத் தனியாக மட்டுமே அனுப்புவேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவே. ஊரிலோ நீங்கள் இருக்கும் இடத்திலோ எங்கள் முத்திரையுள்ள படம் இருந்தால், முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கைப்பேசியில் எடுத்து எனக்கு அனுப்புங்கள். படத்தில் இருப்பவரின் பெயரையும் தகப்பனார் பெயரையும் எந்தத் தெரு என்பதையும் எழுதுங்கள். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைச் சட்டத்திலிருந்து கழற்ற வேண்டாம். ஜெலட்டின் உரிந்து வந்துவிடும். அப்படிப்பட்ட படங்களுக்கு முன்பக்கம் மட்டும் போதும், முகத்தை வைத்து நான் தேடிக்கொள்கிறேன். அம்மன் கொடைக்கு ஊருக்குப் போகிறவர்கள், வயதான ஆச்சிமார்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டு வந்தால் பேருதவியாக இருக்கும். நான் அடையாளம் காண முடியாத முகங்களின் முதல் தொகுப்பை, ஒப்புதல் தரும் மூத்த உறுப்பினர்களுக்குத் தனி மடலில் அனுப்பத் தொடங்குகிறேன். பார்க்க விரும்புகிறவர்கள் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
போட்டோக்காரர் வீட்டுப் பேத்தி,
மாதுங்கா, மும்பை