தேநீர்க் கெண்டிக்குள் ஒரு பெட்ரோல் பங்க்

எல்லோருக்கும் வணக்கம்.

போன மடலில் ஒருவர் கேட்டிருந்தார்: பழைய பெட்ரோல் பங்க்கை எல்லாம் ஊரின் அடையாளம் என்று கட்டிக் காப்பது கொஞ்சம் அதிகமில்லையா? அதிகமில்லை என்பது என் கட்சி.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஜிலா என்றொரு சிற்றூர். அங்கே 1922இல் கட்டிய பங்க், தேநீர்க் கெண்டி வடிவில் இருக்கிறது. உருண்டைச் சுவர், ஒரு பக்கம் தகரக் கைப்பிடி, மறுபக்கம் கான்கிரீட் மூக்கு. அந்த மூக்குதான் உள்ளே எரிந்த அடுப்புக்குப் புகைபோக்கி! சும்மா வேடிக்கைக்குக் கட்டியதும் இல்லை. வயோமிங்கில் கடற்படைக்கென ஒதுக்கிய 'டீபாட் டோம்' எண்ணெய் வயலை, அதிபர் ஹார்டிங்கின் உள்துறை அமைச்சர் ஆல்பர்ட் ஃபால் கையூட்டு வாங்கிக்கொண்டு குத்தகைக்கு விட்ட ஊழல் அப்போது சந்தி சிரித்தது. அதற்குக் குத்தலாக எழும்பியது இந்தக் கெண்டி. ஃபால் சிறைக்குப் போனார். இன்று அவரை யார் நினைக்கிறார்கள்? கெண்டியையோ, நெடுஞ்சாலை குறுக்கே வந்தபோது பெயர்த்தெடுத்துத் தள்ளி வைத்தார்கள். 2012இல் மறுபடி நகர்த்தி ஊர் நடுவே கொண்டுவந்தார்கள். இப்போது அங்கே பெட்ரோல் கிடைக்காது, ஊரைப் பற்றிய தகவல் கிடைக்கும்.

எரித்திரியாவின் அஸ்மராவில் 1938இல் கட்டியது விமான வடிவம். தூணே இல்லாமல் இருபுறமும் 15 மீட்டர் கான்கிரீட் இறக்கை. தூண் வைத்தே ஆகவேண்டும் என்று அதிகாரிகள் பிடிவாதம் பிடிக்க, வடிவமைத்த பெத்தாத்சி துப்பாக்கியை நீட்டி முட்டுக் கொடுத்திருந்த மரங்களை எடுக்க வைத்தார் என்றொரு கதை உலவுகிறது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. இறக்கை இன்னும் விழவில்லை.

வடிவம் இருந்தால் மட்டும் பங்க் பிழைத்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். சிக்கல் மண்ணுக்கு அடியில். பழைய இரும்பு டேங்க் துருப்பிடித்துக் கசிந்தால் மண்ணும் நிலத்தடி நீரும் கெடும். கட்டடத்துக்கு வெள்ளையடிப்பது சுலபம். டேங்க்கைத் தோண்டி எடுத்து மண்ணைச் சுத்தம் செய்வதற்குத்தான் பணம் கரையும். காப்பாற்றக் கிளம்புகிறவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது இதை.

இன்னொன்று. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து க்ளோகேயில், பேர்பெற்ற கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த பங்க் 1958இல் திறந்தது. மாடியில் கண்ணாடி போட்ட ஓர் அறை. வண்டிக்கு வேலை நடக்கும்போது ஆட்கள் அங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க வேண்டும், பங்க்தான் நாளைய ஊர்ச் சாவடி என்பது அவர் எண்ணம். பெட்ரோல் போட ஐந்து நிமிடம் நிற்கிறவன் எதற்கு மாடியேறப் போகிறான்? ஆனால் மின்சார வண்டிக்குச் சார்ஜ் ஏறப் பெரும்பாலும் அரைமணி போலக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த மாடியறைக்கு இப்போதுதான் வேளை வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மாற்றுக் கருத்து இருந்தால் இதே இழையில் எழுதுங்கள்.