தோற்ற செஸ் ஆட்டத்தை என்ஜினில் போட்டுப் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை

குலசேகரம்_குதிரை:
எல்லோருக்கும் வணக்கம். வயது 31, வேலை ரப்பர் பால்வெட்டு. விடியுமுன் தோட்டத்துக்குப் போனால் ஷீட் அடித்து முடிய மதியமாகிவிடும். அப்புறம் போனில் செஸ்தான். போன மாதம் நாகர்கோவிலில் ஒரு போட்டி, நான்காவது சுற்றில் ஏழாம் வகுப்புப் பையனிடம் தோற்றேன். கடைசியில் அவனுக்கு யானையும் ஒரு நடுச்சிப்பாயும், எனக்கு யானை மட்டும். என் ராஜா சிப்பாய்க்கு நேர் முன்னால் நின்றதால் டிரா என்றே இருந்தேன். லிசெஸ் தளத்தில் ஆட்டத்தை அலசும் நிரலில், அதாவது என்ஜினில், போட்டால் 46-வது நகர்வு வரை பூஜ்யம், அதாவது சமம்; 47-ல் இரண்டு கேள்விக்குறி, பெருந்தப்பு என்று அர்த்தம். சரியான நகர்வையும் காட்டுகிறது. ஏன் அது சரி என்பதுதான் தெரியவில்லை. ஆறு மாதமாக எல்லா ஆட்டத்தையும் இப்படித்தான் பார்க்கிறேன், ஆட்டம் வளரவே இல்லை. எப்படிப் பார்ப்பது?

தக்கலை_பெரிசு:
தம்பி, 47-ல் யானையை உன் கடைசி வரிசைக்கு இறக்கி ராஜாவுக்குக் காவல் வைத்தாய், சரியா? நானும் அதையேதான் செய்து பல அரைப்புள்ளிகளைத் தொலைத்தேன்.

இது ஃபிலிடோர் நிலை, அந்தப் பெயருள்ள பிரெஞ்சு ஆட்டக்காரரின் 18-ம் நூற்றாண்டுச் சமாச்சாரம். யானை உன் பக்கத்து மூன்றாவது வரிசையில் நிற்க வேண்டும். நின்றால் அவன் ராஜா அந்த வரிசைக்குள் கால் வைக்க முடியாது. வேறு வழியில்லாமல் சிப்பாயை அங்கே தள்ளுவான். தள்ளியதும் நீ யானையை எதிர்க்கோடிக்கு ஓட்டிப் பின்னாலிருந்து செக் கொடு. சிப்பாய் முன்னேறிவிட்டதால் அவன் ராஜாவுக்கு ஒளிய மறைவில்லை. டிரா. என்ஜின் உனக்குச் சொன்ன பூஜ்யத்துக்குள் இவ்வளவும் இருந்தது, அது வாய் திறக்காது.

அதனால் என்ஜினைக் கடைசியில் திற. முதலில் பலகையில் காய்களை வைத்து, நகர்வுத்தாளைப் பார்த்து ஆடு. அந்த நேரம் என்ன நினைத்தாய், எதைக் கண்டு பயந்தாய் என்று நோட்டில் எழுது. அன்று ராத்திரியே எழுது. மறுநாள் மனசு தனக்குச் சாதகமாகக் கதை கட்டும். எங்கே தப்பு என்று நீயே ஒரு நகர்வைக் குறி. பிறகு என்ஜின். நீ குறித்ததும் அது குறித்ததும் வேறாக இருந்தால், அந்த இடத்தில்தான் உனக்குப் பாடம். குகேஷையே அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா பல வருஷம் என்ஜின் பக்கம் விடவில்லை.

இன்னொன்று, நகர்வுக்குப் பக்கத்தில் கடிகார நேரத்தையும் எழுது. உலக செஸ் அமைப்பான ஃபிடேயின் விதி அதை அனுமதிக்கிறது. நான் எழுத ஆரம்பித்த பிறகுதான் என் குட்டு உடைந்தது. தோற்ற ஆட்டங்களில் பெரிய தப்பெல்லாம் பத்து வினாடிக்குள் நகர்த்தியவை, கையில் அரைமணி நேரம் மிச்சம். 'எண்ட்கேம் வீக்', அதாவது காய்கள் குறைந்த கடைசிக் கட்டத்தில் பலவீனம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வீக் எண்ட்கேம் அல்ல, என் பொறுமை.

கருங்கல்_மந்திரி:
பெரிசு சொல்வது நீண்ட ஆட்டத்துக்குச் சரி. மூன்று நிமிஷ பிளிட்ஸுக்கெல்லாம் நோட்டு எடுத்தால் வீட்டில் திட்டு விழும். பன்னிரண்டாவது நகர்வில் குதிரையைச் சும்மா தூக்கிக் கொடுத்திருந்தால் ஆராய என்ன இருக்கிறது? அதற்கு லிசெஸிலேயே தவறுகளிலிருந்து கற்றுக்கொள்ளும் பொத்தான் உண்டு. விடையை மறைத்து அந்த நிலையை மட்டும் தரும், நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

குலசேகரம்_குதிரை:
பெரிசு அண்ணே, அப்படியே கடைசி வரிசைதான்! தாளை எடுத்துப் பார்த்தேன், நேரம் எழுதவில்லை. ஆனால் ஞாபகம் இருக்கிறது, பையன் நகர்த்திவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தான், அவன் பாட்டிலைத் திறப்பதற்குள் நான் நகர்த்திவிட்டேன். மூன்றாவது வரிசையில் வைத்து மச்சானுடன் ஐந்து தடவை ஆடினேன், ஐந்தும் டிரா. அவனுக்குக் கடுப்பு. ஒரு சந்தேகம்: சிப்பாய் ஏற்கெனவே அந்த வரிசைக்கு வந்திருந்தால்?

தக்கலை_பெரிசு:
யானை பின்னால் போய்ச் செக் கொடுக்க நேரம் இருக்கிறதா என்று பார். அவன் ராஜாவும் கூடவே ஏறி வந்துவிட்டிருந்தால் அது வேறு கதை. மழை பெய்து வெட்டு இல்லாத நாளில் தக்கலைக்கு வா, பலகை வைத்தே பார்ப்போம். நோட்டையும் எடுத்து வா.