பென்டிரைவில் இடம் இருந்தும் டவுன்லோடு பாதியில் நிற்கிறது

நடுநிசிபிட்:
வீட்டு கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11. சி டிரைவில் இடம் குறைவு என்பதால் பிரவுசரின் டவுன்லோடு ஃபோல்டரை 32 ஜிபி பென்டிரைவுக்கு மாற்றி வைத்திருக்கிறேன். சின்ன ஃபைல்கள் ஒழுங்காக இறங்குகின்றன. 6 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவான லினக்ஸ் ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் செய்வதற்கான முழு டிஸ்க்கும் ஒரே ஃபைலாக) ஒன்றுதான் பாடாய்ப் படுத்துகிறது. பாதிக்கு மேல் போனதும் "போதிய இடம் இல்லை" என்று நின்றுவிடுகிறது. பென்டிரைவில் 20 ஜிபிக்கு மேல் காலியாக இருக்கிறது! மறுபடி தொடங்கினாலும் அதே கதை.

இன்னொன்று. வேறு ஒரு தளத்திலிருந்து எடுத்த ஜிப் ஃபைல் முழுதாக இறங்கியதாகச் சொல்கிறது, ஆனால் திறந்தால் "செல்லாத ஃபைல்" என்கிறது. இரண்டுக்கும் ஒரே காரணமா? விண்டோஸை மறுபடி போட வேண்டி வருமா?

வேகம்100:
வைஃபை சிக்னல் விட்டு விட்டு வந்தால் இப்படி ஆகும். கேபிள் போட்டுப் பாருங்கள். அப்புறம் ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இறக்கிப் பாருங்கள், எனக்கு அப்படித்தான் சரியானது.

பழையஃபிளாப்பி:
விண்டோஸை மறுபடி போடவே வேண்டாம். எதற்கெடுத்தாலும் அதைச் சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு அலர்ஜி.

முதலில் ஒன்று சொல்லுங்கள்: ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் நிற்கிறதா? நெட் பிரச்சினை என்றால் ஒருநாள் 1 ஜிபியில் அறும், இன்னொரு நாள் 5 ஜிபியில் அறும். வைஃபைக்கு அளவு பார்த்து அறுக்கத் தெரியாது. பென்டிரைவில் அரைகுறையாகக் கிடக்கும் ஃபைலின் அளவையும் பாருங்கள். குரோமில் அதன் பெயர் டாட் சிஆர்டவுன்லோடு என்று முடியும், ஃபயர்ஃபாக்ஸில் டாட் பார்ட்.

ஜிப் ஃபைலின் அளவு என்ன?

நடுநிசிபிட்:
ஆமாம், ஒரே இடம்தான். 3.99 ஜிபி. ஜிப் வெறும் 14 கேபி, இப்போதுதான் கவனிக்கிறேன். தளத்தில் 80 எம்பி என்று போட்டிருக்கிறார்கள்.

பழையஃபிளாப்பி:
சரி, இரண்டும் வேறு வேறு வியாதி.

பெரிய ஃபைல்: உங்கள் பென்டிரைவ் எஃப்ஏடி32 என்ற பழைய ஃபைல் சிஸ்டத்தில், அதாவது டிரைவில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறையில், ஃபார்மட் ஆகியிருக்கிறது. திஸ் பிசியில் அதன்மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பாருங்கள், ஃபைல் சிஸ்டம் என்ற வரியில் இருக்கும். இது 1996-இல் விண்டோஸ் 95-இன் ஒரு பதிப்போடு வந்தது. ஒரு ஃபைல் எவ்வளவு பெரியது என்பதைக் குறித்துவைக்க அதில் 32 பிட்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். அதனால் ஒரு ஃபைல் 4,29,49,67,295 பைட்டைத் தாண்ட முடியாது, அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. பென்டிரைவ் காலியாகவே இருந்தாலும் கணக்கு இதுதான். வரம்பைத் தொட்டதும் விண்டோஸ் பிரவுசரிடம் "இடம் இல்லை" என்று மொட்டையாகச் சொல்கிறது, பிரவுசர் அதை உங்களிடம் ஒப்பிக்கிறது. இந்தச் செய்தியை எழுதிய புண்ணியவான் இன்னும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

ஜிப்: 80 எம்பி இருக்க வேண்டியது 14 கேபி என்றால் வந்தது ஜிப்பே இல்லை. நோட்பேடில் திறந்து பாருங்கள். ஹெச்டிஎம்எல் வரிகள் தெரிந்தால், ஏதோ ஒரு வலைப்பக்கம் ஜிப் என்ற பெயரில் சேவ் ஆகியிருக்கிறது. பெரும்பாலும் லாகின் பக்கமாகவோ "இணைப்பு காலாவதியாகிவிட்டது" என்ற பக்கமாகவோ இருக்கும்.

வேகம்100 சொன்ன ஆன்டிவைரஸ் விஷயம்: ஃபைல் முழுதாக வந்து, அப்புறம் காணாமல் போனால்தான் அதைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் ஆஃப் செய்ய வேண்டாம். விண்டோஸ் செக்யூரிட்டியில் புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி இருக்கிறது, எதைத் தூக்கியது, ஏன் தூக்கியது என்று அங்கேயே தெரியும்.

நடுநிசிபிட்:
எஃப்ஏடி32 என்றேதான் போட்டிருக்கிறது! நோட்பேடில் திறந்தால் லாகின் பக்கம். உள்ளே நுழைந்து மறுபடி எடுத்தேன், ஜிப் திறக்கிறது.

பென்டிரைவை விண்டோஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ் ஆக்கிவிடலாமா? அதே பென்டிரைவை டிவியிலும் செருகுவேன். உள்ளே படங்கள் இருக்கின்றன.

கமாண்ட்லைன்:
கமாண்ட் பிராம்ப்ட்டில் கன்வெர்ட் என்ற கட்டளை உள்ளிருப்பதை அழிக்காமலே என்டிஎஃப்எஸ் ஆக்கிவிடும். ஆனால் அது ஒருவழிப் பாதை, திரும்ப எஃப்ஏடி32 வேண்டுமென்றால் ஃபார்மட்தான். எதற்கும் படங்களை வேறெங்காவது காப்பி எடுத்து வையுங்கள்.

பழையஃபிளாப்பி:
டிவி இருப்பதால் நான் எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்துக்குத்தான் போவேன். அதிலும் 4 ஜிபி தடை இல்லை. ஃபார்மட் செய்தே ஆக வேண்டும், உள்ளிருப்பதெல்லாம் போய்விடும், எனவே காப்பி முதலில். எல்லா டிவியும் எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது, பழைய மாடல்கள் முரண்டு பிடிக்கும். டிவியின் கையேட்டில் யூஎஸ்பி பகுதியைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

ஐஎஸ்ஓ இறங்கியதும் உடனே இன்ஸ்டால் செய்ய உட்காராதீர்கள். ஃபைல் சேதமில்லாமல் வந்ததா என்று சரிபார்க்க, தளத்தில் எஸ்ஹெச்ஏ256 என்று 64 எழுத்து கொண்ட நீளமான சரம் கொடுத்திருப்பார்கள். பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹேஷ் என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு ஃபைலின் பெயரைக் கொடுத்தால் உங்களிடம் உள்ளதற்கும் அதே போல ஒன்று வரும். பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பரவாயில்லை, மற்றபடி ஒரு எழுத்து மாறினாலும் மறுபடி இறக்குங்கள்.

நடுநிசிபிட்:
டிவி கையேட்டில் எக்ஸ்ஃபேட் இருக்கிறது. காப்பி எடுத்து ஃபார்மட் செய்தாயிற்று. ஐஎஸ்ஓ இப்போது 4.6 ஜிபியைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

கமாண்ட்லைன்:
சர்வரைப் பொறுத்தது. விட்ட இடத்திலிருந்து கொடுக்கத் தெரிந்த சர்வர் என்றால் ரெஸ்யூம் அழுத்தினால் தொடரும், இல்லாவிட்டால் பூஜ்யத்திலிருந்துதான். செட்டிங்ஸில் சிஸ்டம், பவர் போய் ஸ்லீப்பை இன்றைக்கு மட்டும் நெவர் என்று வைத்துவிடுங்கள்.