லெப்டினன்ட் சீமென்ஸுக்கு ராணுவம் என்ன கொடுத்தது?

செம்புக்கம்பி:
வேறொரு இழையில் ஒருவர், "சீமென்ஸ் கம்பெனியே பிரஷ்ய ராணுவம் போட்ட பிச்சை" என்று எழுதியிருந்தார். அங்கே அது பேச்சை மாற்றும் என்பதால் இங்கே தனியாகக் கேட்கிறேன். கம்பெனியைத் தொடங்கிய வெர்னர் சீமென்ஸ், அன்றைய ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் பீரங்கிப் படையில் பதினான்கு வருடத்துக்கு மேல் இருந்தார். 1838இல் லெப்டினன்ட். 1849இல் வெளியே வரும்போதும் லெப்டினன்ட்தான். ராணுவம் வளர்த்த ஆள் என்றால் அந்த வளர்ச்சி எங்கே? என் கணக்கில், ராணுவத்தை மீறித்தான் அவர் ஆளானார்.

கோட்டைவாசல்:
பதவியை வைத்து அளந்தால் அப்படித்தான் தெரியும். 1815க்குப் பிறகு பெரிய போர் இல்லை, பதவி உயர்வு எல்லோருக்குமே ஆமை வேகம். விஷயத்துக்கு வாருங்கள். அப்பா அப்போது தனி அரசாக இருந்த ஹனோவர் பக்கம் குத்தகை விவசாயி, வீடு நிறையப் பிள்ளைகள். பெர்லின் கட்டடக்கலைக் கல்லூரியில் படிக்கப் பையனுக்கு ஆசை, கையில் காசில்லை. ராணுவப் பொறியாளர் பிரிவுக்குப் போனால், வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும், பீரங்கிப் படைக்குப் போ என்று சொல்லிவிட்டார்கள். மாக்டபர்கில் சேர்ந்தார். 1835 முதல் மூன்று வருடம் பெர்லினில் பீரங்கி, பொறியியல் பள்ளியில் படிப்பு. கணிதம் மார்ட்டின் ஓம், இயற்பியல் மாக்னுஸ். கூலி கொடுத்துப் படிக்க வைத்த இடம் அது. இத்தனைக்கும் அவர் பிரஷ்யக் குடிமகன்கூட இல்லை. இன்னொன்றும் உண்டு. காவல்படையும் குதிரைப்படையும் பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்கு. கணக்கு தெரிந்த சாமானியனுக்குக் கதவு திறந்தது பீரங்கிப் படையில்தான்.

செம்புக்கம்பி:
படிப்பைத் தந்தது, சரி. அப்புறம்? விட்டன்பர்கில் நண்பர் ஒருவரின் துவந்த யுத்தத்துக்குத் துணையாக நின்றார் என்று ஐந்து வருடக் கோட்டைச் சிறை. மாக்டபர்க் கோட்டை அறையிலேயே குப்பிகளை அடுக்கி, மின்சாரத்தால் தங்கமுலாம் பூசும் சோதனையைத் தொடர்ந்தார். வெள்ளி மாதிரி இருக்கும் ஒரு தேக்கரண்டியைக் கரைசலில் விட்டு மின்கலத்தோடு இணைத்ததும், சில நிமிடத்தில் அது தங்கமாக மின்னியது. சூட்டோடு சூடாக ராஜாவிடமிருந்து மன்னிப்பு வந்துவிட்டது. இன்னும் சில நாள் உள்ளேயே இருந்து வேலையை முடித்துக்கொள்கிறேன் என்று மனுப் போட்டார். அரச கருணைக்கு நன்றி கெட்டவன் என்று கோபப்பட்டு, நள்ளிரவில் வெளியே தள்ளினார்கள். 1842இல் அவர் வாங்கிய முலாம் காப்புரிமைக்கும் ராணுவத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஈயக்குண்டு:
இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். கைதியின் அறைக்குள் ரசாயனம் வர விட்ட சிறை எது? அதிகாரி என்பதால்தான் அந்தச் சலுகை. ஒரு சாதாரணச் சிப்பாய் அதே கோட்டையில் என்ன பாடுபட்டிருப்பான் என்று யோசியுங்கள்.

என் சந்தேகம் வேறு இடத்தில். 1847 அக்டோபரில் மெக்கானிக் ஹால்ஸ்கேயுடன் தந்திப் பட்டறை ஆரம்பிக்கிறார். அப்போது அவர் சீருடையில் இருக்கிறார், அரசின் தந்திக் குழுவுக்கும் வேலை பார்க்கிறார். கம்பி போடும் திட்டம் வகுப்பது ஒரு கை, கருவி விற்பது இன்னொரு கை. இன்றைக்கு என்றால் விஜிலென்ஸ் வாசலில் நிற்கும். இந்தச் சலுகைக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

செம்புக்கம்பி:
அதில் நியாயம் இருக்கட்டும், முதலீடு யாருடையது என்று பாருங்கள். ஒன்றுவிட்ட சகோதரர், வக்கீல், யோஹான் கேயோர்க் சீமென்ஸ் போட்ட 6,842 தாலர் (அன்றைய பிரஷ்ய நாணயம்). மாதிரிக் கருவி எதில் செய்தது? சுருட்டுப் பெட்டி, தகரம், இரும்புத் துண்டு, உறை சுற்றிய செம்புக் கம்பி. எழுத்துகளைச் சுற்றி வைத்து, முள் போய் நிற்கிற எழுத்தை வாசிக்கும் தந்தி. அது ஓடியதைப் பார்த்துத்தான் ஹால்ஸ்கே நம்பினார். ராணுவக் கிடங்கிலிருந்து ஒரு ஆணிகூட வரவில்லை. அதற்கு முன், மதச் சீர்திருத்தவாதி ரோங்கேக்கு ஆதரவான அறிக்கையில் கையெழுத்துப் போட்ட பாவத்துக்கு, பெர்லின் பீரங்கிப் பட்டறையில் வேலை பார்த்த ராணுவ அதிகாரிகள் எல்லோரையும் பழைய படைப்பிரிவுக்கே திருப்பி அனுப்பப் பார்த்தது இதே ராணுவம். போயிருந்தால் கதை முடிந்தது.

கோட்டைவாசல்:
போகவில்லையே, ஏன்? வெடிபஞ்சு, அதாவது அமிலத்தில் பதப்படுத்தி வெடிமருந்தாக்கிய பஞ்சு, அப்போதுதான் புதுசு. அதைச் சீராகத் தயாரிக்கும் வழியைக் காட்டி, போர் அமைச்சகத்தின் கவனத்தைப் பிடித்தார். ஸ்பாண்டாவ் வெடிமருந்து ஆலையில் சோதிக்கச் சொன்னார்கள், பெர்லின் இருப்பு நிலைத்தது. பீரங்கிக்காரர் இல்லாவிட்டால் அந்த வாசல் திறந்திருக்குமா? 1848இல் டேனிஷ் கப்பல்களைத் தடுக்க கீல் துறைமுகத்தில் மின்சாரத்தால் வெடிக்கும் கண்ணிவெடிகளைக் கடலில் அமைத்தார். அதன் பிறகு பெர்லின்–ஃபிராங்க்ஃபர்ட் தந்தி. 1849 மார்ச் 28இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் கூடிய ஜெர்மன் தேசிய சபை பிரஷ்ய மன்னரைப் பேரரசராகத் தேர்ந்தெடுத்த செய்தி ஒரு மணி நேரத்துக்குள் பெர்லினுக்கு வந்தது. சுருட்டுப் பெட்டியோடு ஒரு தனி ஆள் போய் நின்றால் இப்படி ஒரு வேலையைத் தூக்கிக் கொடுப்பார்களா?

செம்புக்கம்பி:
அந்த வேலை முடிந்த சூட்டில் விலகினார். ஓய்வூதியம் வேண்டுமானால் உடல் தகுதி இல்லை என்று சான்றிதழ் வேண்டும். நான் ஆரோக்கியமாகத்தானே இருக்கிறேன் என்று அதையும் வேண்டாமென்றார். பணியிலிருந்து விடுவித்த உத்தரவிலேயே, மனு எழுதிய முறை சரியில்லை என்று ஒரு குட்டு! நீங்கள் பெருமைப்படுகிற உறவின் கடைசிக் காகிதம் அது. இரண்டு வருடத்தில் நிலத்தடிக் கம்பிகள் பழுதாகி, யார் குற்றம் என்ற தகராறு வந்தபோது, பிரஷ்யத் தந்தி நிர்வாகம் அவருக்கு ஆர்டரை நிறுத்தியது. பழைய அதிகாரி என்ற தாட்சண்யம் எங்கே போயிற்று?

ஈயக்குண்டு:
நிறுத்தியது சிவில் நிர்வாகம் சார், ராணுவம் இல்லை. கம்பெனியைக் காப்பாற்றியது ரஷ்யா. 1853 முதல் அங்கே தந்தி போட்டார்கள், கிரிமியப் போர் நடக்கும்போதே, முற்றுகையில் இருந்த செவஸ்தபோல் துறைமுகம் வரைக்கும். அங்கேயும் அவசரம் படைக்குத்தான். பிரஷ்யச் சீருடை போனது, வாடிக்கையாளர் மாறவில்லை.

செம்புக்கம்பி:
பணம் கொடுத்துப் பொருள் வாங்கினவர் எல்லாம் வளர்த்தவர் ஆகிவிட முடியாது. அப்படியென்றால் அதே பள்ளியில் அதே வருடங்களில் படித்த மற்ற லெப்டினன்ட்களின் பட்டறைகள் எங்கே?

கோட்டைவாசல்:
அதே வயதில், அதே மூளையோடு, படையில் இடம் கிடைக்காத ஏழைப் பையன்களின் பட்டறைகள் எங்கே என்று நானும் கேட்கலாம்.