சுற்றுமுறிப்பானின் 'கண்டிஷன் மானிட்டரிங்', 'அலாரம்': சொற்கள் தேவை

அன்புடையீர், துணைமின்நிலையப் பணியாளர்களுக்கான பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'கண்டிஷன் மானிட்டரிங்' என்பதற்கு 'நிலைக் கண்காணிப்பு' என்று எழுதியிருந்தேன். ஆனால் முறிப்பான் (பழுதின்போது மின்சுற்றைத் துண்டிக்கும் 'சர்க்யூட் பிரேக்கர்') திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதையும் அடுத்த வரியிலேயே 'நிலை' என்றுதான் சொல்ல வேண்டியுள்ளது. வேறு சொல் உண்டா?

ஐயா, 'நலநாடல்' பொருந்தும். 'நோய்நாடி நோய்முதல் நாடி' என்று வள்ளுவர் ஆராய்தலைத்தான் சொல்கிறார். மருத்துவர் கையில் பார்க்கும் நாடியும் இவ்வேரில் பிறந்ததே.

அந்த நாடி வடசொல், புலவரே, இரண்டுக்கும் உறவில்லை. ஆயினும் முறிப்பானைத் திறக்கவைக்கும் மின்காந்தச் சுருளான திறப்புச் சுருளின் மின்னோட்ட வரைவைப் பதிவுசெய்து, மசகு இறுகியதால் தாழ் விடுபடத் தாமதமாகிறதா என்று நாங்கள் பார்ப்பது ஏறத்தாழ நாடி பார்ப்பதுதான். பணியாளருக்குப் புரிய 'நலக் கண்காணிப்பு' போதும். என் கவலை 'அலாரம்' பற்றியது. சான்றாக, மின்வில்லை அணைக்க உதவும் எஸ்எஃப்6 வளிமத்தை 6 பார் அழுத்தத்துக்கு நிரப்பும் ஒரு வகை முறிப்பானில், கசிவினால் அழுத்தம் 5.2 பாருக்கு இறங்கியதும் அடர்த்திக் காவலி முதல் அறிவிப்பைத் தரும். வளிமம் நிரப்ப அப்போது அவகாசம் உண்டு. 5.0 பாரில் முறிப்பானின் இயக்கமே தடுக்கப்படும், ஏனெனில் தொடுமுனைகள் பிரியும்போது எழும் மின்வில்லை ('ஆர்க்') அணைக்கும் திறனை அதன்பின் நம்ப முடியாது. இரண்டையும் 'எச்சரிக்கை' என்றால் விபத்துக்கு வழிவிடுவோம்.

முதலாவதை 'விழிப்பொலி' என்றும், இரண்டாவதை 'இயக்கத் தடை' என்றும் வைக்கலாமே?

ஒலியை ஏற்புப் பொத்தான் அழுத்தி நிறுத்திவிடுவோம். காரணம் தீரும்வரை எஞ்சியிருப்பது பலகையில் எரியும் விளக்குதான். எனவே 'ஒலி' வேண்டாம், முதலாவது மட்டும் 'எச்சரிக்கை' என்றே இருக்கட்டும். இரண்டாவதற்குத் 'தடை'யும் ஆகாது, தொடுமுனைகளின் மின்தடையை மைக்ரோ ஓமில் அளப்பதும் அதே கண்காணிப்பில் அடங்குவதால் குழப்பமே மிஞ்சும். 'இயக்கப் பூட்டு' என்பேன்.

நன்றி. 'நலக் கண்காணிப்பு', 'எச்சரிக்கை', 'இயக்கப் பூட்டு' ஆகிய மூன்றையும் பலர் ஏற்றுள்ளதால் அவற்றையே அச்சுக்கு அனுப்புகிறேன்.

அனுப்புங்கள், ஆனால் என் மறுப்பைப் பதிவுசெய்கிறேன். பராமரிப்பின்போது கைப்பிடியில் மாட்டும் உண்மையான பூட்டையும் அதே கையேடு 'பூட்டு' என்றுதான் சொல்கிறது. 'நலநாடல்' ஏன் கைவிடப்பட்டது என்பதற்கும் இலக்கணக் காரணம் எதையும் யாரும் சொல்லவில்லை.