புதுப்பிப்பு: போலந்துக் கொள்ளுத்தாத்தாவின் ஊர் கிடைத்துவிட்டது

என் கணவரின் கொள்ளுத்தாத்தா 1909இல் சிகாகோ வந்தவர். குடும்பப்பெயர் கோவால்சிக், பிறந்த நாடு ரஷ்யா என்பது தவிர எதுவும் தெரியவில்லை, ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது குடியுரிமை விண்ணப்பத்தைத் தேடச் சொன்ன யோசனைதான். 1906க்குப் பிந்தைய படிவங்களில் பிறந்த ஊரும் கேட்டிருக்கிறார்கள். அப்போது ரஷ்ய ஆட்சியில் இருந்த போலந்து ஊரான வோம்ஜா பக்கத்துக் கிராமம் ஒன்று அதில் இருந்தது. அப்புறம் போலந்து வம்சாவளிச் சங்கத்தின் கெனெடெகா என்ற இணையதளத்தில், பெயரில் 'வி'க்குப் பதில் 'டபிள்யூ' போட்டுத் தேடியதும் ஞானஸ்நானப் பதிவு வந்துவிட்டது.

எதிர்பார்க்காதது இரண்டு. பதிவு ரஷ்ய மொழியில் இருந்தது. 1868 முதல் அங்கே அப்படித்தான் எழுத வேண்டியிருந்ததாம். 12 நாள் இடைவெளியில் இரண்டு தேதிகள் வேறு. முதலில் குழம்பினேன், அவை ரஷ்யாவில் இருந்த பழைய ஜூலியன் நாட்காட்டித் தேதியும், இப்போது நாம் பயன்படுத்தும் புதிய நாட்காட்டித் தேதியும்.

இன்னொன்று, நியூயார்க்கில் குடியேறிகளைச் சோதித்த எல்லிஸ் தீவு அதிகாரிகள்தான் பெயர்களை மாற்றினார்கள் என்று பலர் சொல்வார்கள், ஆனால் அவர்கள் இவர் பெயரை மாற்றவில்லை. கப்பல் பட்டியலில் போலந்து மொழி எழுத்துக்கூட்டல் சரியாகவே இருக்கிறது, சிகாகோவில்தான் மாறியிருக்கிறது.

பதிவில் அவருடைய அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கிறது. மாமியார் அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். அடுத்து அந்தப் பெயரைத் தேடப்போகிறேன்.