லெயிட்டா, லெயினா? நாளைக்குப் பரீட்சை, அவசரம்

உசிலை அண்ணன்: தங்கச்சிக்கு நாளைக்கு இங்கிலீஷ் பரீட்சை. கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்வி ஒன்றுக்குக் கைடில் விடை லெயிட் (laid), டியூஷன் நோட்டில் லெயின் (lain). எது சரி? சீக்கிரம் சொல்லுங்கள்.

மேலூர் டீச்சர்: வாக்கியத்தைப் போடுங்கள் தம்பி. கோடிட்ட இடத்துக்கு முன்னாலும் பின்னாலும் என்ன இருக்கிறது?

தெப்பக்குளம்: எத்தனாவது படிக்கிறாள்?

வைகைக்கரை: லெயிட்தான். லே–லெயிட்–லெயிட். ஹேஸ், ஹேவ் வந்தால் வினையின் மூன்றாவது வடிவத்தைப் போட வேண்டும், அவ்வளவுதான்.

இலக்கணப் பிரியன்: இதே கேள்வி இங்கே எத்தனை முறை வந்திருக்கிறது! தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கக் கூடாதா? ஆறாம் வகுப்பிலேயே மூன்று வடிவங்களையும் ஒழுங்காக ஒப்பித்திருந்தால் பரீட்சைக்கு முந்தின ராத்திரி இந்தத் தவிப்பு வராது.

மாட்டுத்தாவணி: ஒப்பித்து என்ன ஆகும் சார்? கூட்டம் கூட்டமாகப் பிரித்தால் தானாக நிற்கும். சிங்–சாங்–சங், ரிங்–ராங்–ரங், ட்ரிங்க்–ட்ராங்க்–ட்ரங்க் ஒரு கூட்டம். கட், புட், ஹிட் மூன்றிலும் மாறாது. செண்ட், லெண்ட், ஸ்பெண்ட் எல்லாவற்றிலும் இறந்தகாலத்தில் கடைசி டி (d) போய் டீ (t) வரும். என் பையனுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன்.

இலக்கணப் பிரியன்: அப்படியானால் ப்ரிங் என்பதற்கு உங்கள் பையன் ப்ராங் என்று எழுதுவான். சரியானது ப்ராட். எந்தக் கூட்டத்தை நம்புவது?

தெப்பக்குளம்: தமிழில் மட்டும் என்ன வாழ்கிறது? நட – நடந்தான், படி – படித்தான், பாடு – பாடினான், தின் – தின்றான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. இதை யார் உட்கார்ந்து மனப்பாடம் செய்தோம்? வாசித்தால் வந்துவிடும்.

மாட்டுத்தாவணி: அது தொட்டிலில் இருந்தே காதில் விழுந்த மொழி அண்ணே. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வகுப்பறைக்கு வெளியே எங்கே கேட்கிறது? வாசிக்கவும் புத்தகம் வேண்டுமே.

உசிலை அண்ணன்: பத்தாவது. வாக்கியம்: த டாக் ஹேஸ் ___ அண்டர் த கார்ட் சின்ஸ் மார்னிங்.

மேலூர் டீச்சர்: லெயின். உங்கள் டியூஷன் நோட்டுதான் சரி.

இங்கே இரண்டு வினைகள் குழம்புகின்றன. தானே படுத்துக் கிடப்பது லை–லே–லெயின். இன்னொன்றை எடுத்துக் கிடத்துவது, வைப்பது லே–லெயிட்–லெயிட். முதல் வினையின் இறந்தகாலமும் இரண்டாவதின் நிகழ்காலமும் ஒரே லே. கைடு போட்டவர்கள் வழுக்கியது அங்கேதான். நாய் வண்டிக்கு அடியில் தானாகப் படுத்திருக்கிறது, அது எதையும் வைக்கவில்லை. கோடிட்ட இடத்துக்குப் பின்னால் 'எதை?' என்று கேட்கச் சொல்லுங்கள். விடை கிடைத்தால் லெயிட். த ஹென் ஹேஸ் லெயிட் அன் எக். எதை? முட்டையை. இங்கே 'எதை'க்கு விடை இல்லை, அதனால் லெயின்.

பொய் சொல்வதும் லைதான், ஆனால் அது லை–லைட்–லைட் என்று ஒழுங்காகப் போகும். படுப்பதோ பொய் சொல்வதோ, இங் சேர்த்து எழுதும்போது ஐ, ஈ போய் ஒய் வரும். பிள்ளைகள் நிறைய மார்க் விடுவது இங்கே.

வைகைக்கரை: டீச்சர், ஹேஸ் பீன் லையிங் என்று எழுதினால்?

மேலூர் டீச்சர்: அதுவும் சரி. பேச்சில் அதுதான் அதிகம். ஆனால் ஒரு சொல்லுக்குத்தான் கோடு விட்டிருந்தால் லெயின் எழுதட்டும்.

இலக்கணப் பிரியன்: இதையும் அட்டவணையில் ஒரு வரியாகப் படித்திருந்தால் போதுமே.

மாட்டுத்தாவணி: அட்டவணையில் 'எதை?' என்று கேட்கச் சொல்லியிருக்கிறதா சார்?

உசிலை அண்ணன்: புரிந்துவிட்டது டீச்சர், ரொம்ப நன்றி. கைடில் அடித்துவிட்டு லெயின் என்று எழுதிவிட்டாள். தூங்கப் போகிறாள்.

தெப்பக்குளம்: தம்பி, அது எந்தக் கைடு? எங்கள் தெருப் பிள்ளைகளிடமும் அதுதான் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.